லீட்ஸின் வயிற்றுவலிப் படிவம்

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவருக்குக் குடல்வால் அழற்சியா, பித்தப்பைக் கோளாறா, தானாக அடங்கும் வலியா? கணிப்பு பிசகினால் குடல்வால் வெடிக்கலாம். அல்லது வீணாக வயிற்றைத் திறக்க நேரும்.

இந்தச் சிக்கலை இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மருத்துவர் டி டோம்பலும் சகாக்களும் கையில் எடுத்தார்கள். வலி எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, இருமினால் கூடுகிறதா, வாந்தி உண்டா என்று ஒவ்வொன்றையும் படிவத்தில் குறித்தார்கள். பேய்ஸ் தேற்றம் என்ற நிகழ்தகவு விதிப்படி கணினி ஒவ்வொரு நோய்க்கும் உள்ள வாய்ப்பைக் கணக்கிட்டது. 1972-இல் வெளியான முடிவு: 304 நோயாளிகளில் கணினி 91.8 சதவீதம் சரி. மூத்த மருத்துவர் 79.6.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. சோதனை நடந்த காலத்தில் மருத்துவர்களின் கணிப்பும் கூர்மையானது. கணினியை விலக்கியதும் பழைய நிலைக்குச் சரிந்தது. ஒழுங்காகக் கேள்வி கேட்கும் பழக்கமும், தன் கணிப்பு பலித்ததா என்ற தகவலும்தான் அவர்களை மாற்றின என்று நம்பத் தோன்றுகிறது.

1986-இல் இதே முறையை 8 மருத்துவமனைகளில் சோதித்த ஆய்வு வந்தது. 16,737 நோயாளிகள். முதல் கணிப்பின் துல்லியம் 45.6-லிருந்து 65.3 சதவீதமாக உயர்ந்தது. தேவையற்ற அறுவை சிகிச்சைகள் ஏறக்குறையப் பாதியாகின.