நாலு ஏரி, ஒரே மழை

2019 ஜூலை மாசம் ஒரு நாள், திருநின்றவூர் ஸ்டேஷன்ல ஆவடி போற லோக்கல் வண்டிக்காக நின்னுட்டிருந்தேன். அதுக்கு முன்னால ஒரு கூட்ஸ் வந்தது. எல்லாம் டேங்கர் பெட்டி. பெட்ரோல்தான் போவுதுன்னு நெனச்சேன். "தண்ணிப்பா, ஜோலார்பேட்டைத் தண்ணி. வில்லிவாக்கத்துக்குப் போவுது" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். பெட்டியை எண்ண ஆரம்பிச்சேன், முப்பதுக்கு மேல கணக்கு விட்டுப்போச்சு. ஒரு வண்டிக்கு 50 பெட்டி, 25 லட்சம் லிட்டர்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. முதல் வண்டி ஜூலை 12-ம் தேதி வந்தது.

கேக்கறதுக்குப் பெரிய தண்ணி மாதிரி இருக்கும். ஆனா அந்தச் சமயத்துல மெட்ரோ வாட்டர் ஊருக்குக் கொடுத்துக்கிட்டிருந்தது ஒரு நாளைக்கு 52.5 கோடி லிட்டர். நல்ல நாள்ல கொடுத்தது 83 கோடி. 25 லட்சம் அதுல எந்த மூலைக்கு?

நீங்க அப்ப சென்னையில இருந்திருந்தா மறந்திருக்க மாட்டீங்க. குடத்தை வரிசையில போட்டுட்டு லாரிக்குக் காத்திருந்திருப்பீங்க. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் நிரம்பினா 11 டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல பிடிக்கும். அந்த ஜூன்ல நாலையும் சேர்த்தா ஒரு சதவீதம் தண்ணிகூட இல்ல. தூர் வாரல, ஆக்கிரமிப்பு, ஊழல்னு டிவியில எல்லாரும் பேசினாங்க. அதெல்லாம் உண்மைதான். எனக்கு உறுத்தினது வேற. ஒரு ஏரி காஞ்சா சரி, நாலு ஏரி வெச்சிருக்கற ஊருக்கு நாலும் எப்படி ஒண்ணா காயும்?

பழைய கதையைக் கொஞ்சம் பார்த்தா புரியுது.

1872-க்கு முன்னால மெட்ராஸ்காரங்க குடிச்சது கிணத்துத் தண்ணியும் குளத்துத் தண்ணியும்தான். கோட்டைக்கு மட்டும் ஏழு கிணறுலருந்து தண்ணி போச்சு. ஃப்ரேசர்னு ஒரு இன்ஜினீயர் 1866-ல ஒரு திட்டம் போட்டார். கொசஸ்தலை ஆத்தைத் தாமரைப்பாக்கத்துல மறிச்சு, சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழல் ஏரிக்கும் திருப்பி, புழல்லருந்து கீழ்ப்பாக்கம் வரைக்கும் கால்வாய் வெட்டணும்னு சொன்னார். 1872-ல அது நடந்தது. அந்தக் கால்வாய் மூடி இல்லாத மண் கால்வாய். மாடு இறங்கும், ஆளும் இறங்குவான், அதே தண்ணி வடிகட்டாம ஊருக்குப் போவும். 1914-ல கீழ்ப்பாக்கத்துல மணல் வடிகட்டி கட்டி, கால்வாயையும் மூடினதுக்கு அப்புறம்தான் சுத்தமான தண்ணி வந்தது.

தண்ணி சுத்தமாச்சே தவிர, ஆறு அதேதான். ஊர் பெருசாச்சு, பத்தல. மேயரா இருந்த சத்தியமூர்த்தி இதுக்காக முட்டி மோதி, அதே கொசஸ்தலை ஆத்துல இன்னும் மேல போய்ப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழி பண்ணினார். 1944-ல கட்டி முடிக்கறப்ப அவர் உயிரோட இல்ல, அதுக்கு முந்தின வருஷமே போயிட்டார். ஏரிக்கு அவர் பேரையே வெச்சாங்க.

அதுவும் பத்தாமதான் செம்பரம்பாக்கம் வந்தது. அது குடிக்கறதுக்குக் கட்டின ஏரி இல்ல, பாசன ஏரி. என் மாமனார் ஊர் அந்த ஆயக்கட்டுதான். சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு போகமும் மதகுத் தண்ணியிலேயே பார்த்த குடும்பம். 2007-ல ஏரிக்குப் பக்கத்துல ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்தம் பண்ற நிலையம் திறந்தாங்க. மாமனார் கழனி இப்ப பிளாட். அதுல குடியிருக்கறவங்களும் தண்ணி கேட்டுத்தான் நிக்கறாங்க.

பத்தாதப்பல்லாம் இப்படி ஒரு ஏரியைச் சேர்த்துக்கிட்டே வந்தாங்க. ஆனா அந்த நாலுக்கும் தண்ணி வர்றது ஐப்பசி, கார்த்திகை மழையிலதான். வடகிழக்குப் பருவம் ஒண்ணுதான் நாலுக்கும் முதலாளி. அது 2018-ல கைவிட்டது, 2019-ல நாலும் ஒண்ணா காஞ்சது. 2015 டிசம்பர்ல அதே மழை கொட்டினப்ப செம்பரம்பாக்கம் நிரம்பித் திறந்துவிட்டாங்க, அடையாறு கரை தாண்டி வீட்டுக்குள்ள வந்தது. மூழ்கினதுக்கும் ரயில்ல தண்ணி வந்ததுக்கும் நடுவுல நாலு வருஷம்கூட இல்ல.

இந்தத் தப்பை நாங்களும் பண்றோம். எனக்கு உரம் வாங்க ரெண்டு கடை உண்டு. ஒண்ணுல இல்லேன்னா இன்னொண்ணு இருக்குன்னு தைரியமா இருந்தேன். ஒரு சம்பாவுல மேலுரம் போடற நேரம் பார்த்து ரெண்டு கடையிலயும் யூரியா இல்ல. அப்புறம்தான் தெரிஞ்சது, ரெண்டு பேருக்கும் சரக்கு இறக்கறது ஒரே மொத்த வியாபாரி. பத்து வருஷமா ரெண்டு கடைன்னு நம்பிக்கிட்டிருந்தேன், எனக்கு இருந்தது ஒரு கடைதான். பயிர் வெளுத்துப்போய் நின்னப்பதான் இது மண்டையில ஏறிச்சு.

அதனால எத்தனை ஏரி இருக்குங்கறது எனக்கு முக்கியமில்ல, எத்தனை மழையை நம்பி இருக்கோம்னு பார்க்கணும். அப்படிப் பார்த்தா, சென்னைக்கு ரெண்டாவது மழையைத் தேடினதுன்னு ரெண்டு திட்டத்தைத்தான் சொல்லலாம்.

ஒண்ணு கிருஷ்ணா. 1983 ஏப்ரல்ல எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் ஒப்பந்தம் போட்டாங்க. வருஷத்துக்கு 12 டி.எம்.சி. நம்ம எல்லைக்கு வரணும். கிருஷ்ணா மகாராஷ்டிராவுல பொறக்கற ஆறு, தென்மேற்குப் பருவத்துத் தண்ணி. நமக்கு மழை பொய்ச்ச வருஷம் அங்க பேஞ்சிருக்கும்னு ஒரு கணக்கு. நல்ல கணக்குதான். ஆனா முதல் தண்ணி பூண்டிக்கு வந்து சேர 1996 ஆயிடுச்சு. அதுக்கப்புறமும் பல வருஷம் பாதிகூட வரல. 2019 கோடையில கண்டலேறு அணையிலயே தண்ணி இல்ல, அவங்க எங்கிருந்து கொடுப்பாங்க?

இன்னொண்ணு வீராணம். 1960-கள் கடைசியில ஆரம்பிச்சு, பாதியில நின்னு, ராட்சசக் குழாயெல்லாம் ரோட்டோரமா வருஷக்கணக்கா கெடந்துது. கடைசியில 2004-ல புது வீராணமா வந்தது. மேட்டூர்த் தண்ணி கொள்ளிடம் கீழணை வந்து, வடவாறு வழியா வீராணத்துல நிறைஞ்சு, அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல குழாய்ல சென்னைக்கு வருது. ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர். டெல்டா விவசாயி பங்குலருந்துதான் அது வருதுன்னு எனக்குத் தெரியும், சொல்லாம விட மாட்டேன்.

2019-ல ஊரைத் தாங்கினது அந்த வீராணமும், கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்கற மீஞ்சூர், நெம்மேலி நிலையங்களும்தான். மீஞ்சூர் 2010-ல வந்தது, நெம்மேலி 2013-ல. ஒண்ணொண்ணும் நாளைக்கு 10 கோடி லிட்டர். முழுசா ஓடினா மூணும் சேர்ந்து 38 கோடி, கொடுத்த 52.5 கோடியில பாதிக்கு மேல. நான் பார்த்த ரயில்ல வந்ததும் காவிரித் தண்ணிதான், ஜோலார்பேட்டைக்குக் குழாய்ல வர்ற கூட்டுக்குடிநீர். ஆக, ஐப்பசி மழையை நம்பாத தண்ணிதான் அந்த வருஷம் நின்னது. 2024-ல நெம்மேலியில இன்னொரு 15 கோடி லிட்டர் நிலையமும் திறந்துட்டாங்க. கரண்டு செலவு அதிகம், மீனவங்களுக்கும் அதுல குறை உண்டு. ஆனாலும் மழையைக் கேக்காத தண்ணி.

என் தங்கச்சி மகன் சிங்கப்பூர்ல வேலை செய்யறான். அங்க இதையே நாலு குழாய்னு சொல்வாங்களாம். சொந்த மழைத்தண்ணி, மலேசியாவோட ஜொகூர்லருந்து வாங்கறது, கழிவுநீரைச் சுத்தம் பண்ணித் திரும்ப எடுக்கறது, கடல்தண்ணி. நாலுக்கும் வேர் வேற வேற. அந்த ஊருக்குப் பட்ட பாடு அப்படி. 1942 ஜனவரி கடைசியில ஜப்பான்காரன் வர்றான்னு வெள்ளைக்காரன் ஜொகூர்ப் பாலத்தை வெடிவெச்சுத் தகர்த்தான். தண்ணிக் குழாயும் அதே பாலத்துல போச்சு. ரெண்டு வாரத்துல சிங்கப்பூர் சரணடைஞ்சதுக்குத் தண்ணித் தட்டுப்பாடும் ஒரு காரணம். ஜொகூரோட இப்ப இருக்கற ஒப்பந்தம் 2061 வரைக்கும். அன்னிக்கு என்ன பண்றதுன்னு இப்பவே வேலை பார்த்துட்டிருக்காங்க.

நம்ம பக்கம் ஏரி காஞ்சா முதல்ல தேடறது நிலத்தடித் தண்ணியை. 1960-கள்ல ஐ.நா. உதவியோட ஆய்வு பண்ணி மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் ஆழ்குழாய்க் கிணறு போட்டாங்க. எடுத்த எடுப்புல மீஞ்சூர் பக்கம் கடல் உப்பு பல கிலோமீட்டர் உள்ள வந்துடுச்சு. அந்தக் கழனி திரும்ப நல்லாகல. 1987-ல சட்டம் போட்டாங்க, அனுமதி இல்லாம தண்ணி எடுத்து விக்கக் கூடாதுன்னு. அதுக்கப்புறம் பஞ்சம் வந்தப்பல்லாம் மெட்ரோ வாட்டரே திருவள்ளூர் மாவட்டத்துல விவசாயக் கிணத்தை வாடகைக்கு எடுத்தது. மாங்காட்டுக்குப் பக்கத்துல சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணியைக்கூட விடல, 2017-லயும் எடுத்தாங்க, 2019-லயும் எடுத்தாங்க.

அதுக்கும் கீழ ஒரு கணக்கு இருக்கு, அது எந்த அறிக்கையிலயும் வராது. தனியார் லாரி. அந்த 2019 மே மாசம் என் கிணத்துக்கும் வந்தாங்க. 12,000 லிட்டர் லாரிக்கு 300 ரூபாய், ஒரு நாளைக்கு 6 லாரி. சட்டம் தெரியாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். பொண்ணுக்குக் காலேஜ் பணம் கட்டணும், நெல்லு வெச்சாலும் தேறாத வருஷம். 24 நாள் விட்டேன். 43,200 ரூபாய் வந்தது. என் கிணத்துலயும் இருந்தது போன ஐப்பசி மழையோட மிச்சம்தான்னு அப்ப யோசிக்கல.

இருபத்தஞ்சாம் நாள் காலையில பக்கத்துக் கொல்லை அக்கா குடத்தோட வந்து நின்னாங்க. அவங்க கிணத்துல ஊத்து நின்னுபோய் நாலு நாள் ஆவுதாம். வெச்சிருந்த மல்லிச் செடி பாதி காஞ்சிருந்தது. சண்டைக்கு வருவாங்கன்னு பயந்தேன். "ரெண்டு குடம் மோந்துக்கட்டுமாடா?" ன்னு மட்டும் கேட்டாங்க. அன்னிக்கு வந்த லாரியைத் திருப்பி அனுப்பிட்டேன். அடுத்த வருஷம் அவங்க மல்லி வெக்கல.

அக்டோபர்ல மழை வந்தது, ரயிலும் நின்னது. லாரிக்காரர் நம்பர் இன்னும் என் போன்ல இருக்கு. சித்திரை வந்தா அவரே கூப்பிடுவார். இந்த வருஷமும் கூப்பிட்டார். "என்னண்ணே, ஊத்து எப்படி இருக்கு?" ன்னார். பார்த்துட்டுச் சொல்றேன்னு வெச்சேன்.