தோள்பட்டையில் பூ

முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டன் ராணுவ அதிகாரிகள் விரும்பி அணிந்த மேல்கோட்டுக்கு ‘பிரிட்டிஷ் வார்ம்’ என்று பெயர். கனத்த கம்பளித் துணி, இரு வரிசையில் தோல் பொத்தான்கள், முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் நீளம். சிப்பாய்க்கு உடுப்பை அரசு கொடுத்தது. அதிகாரி தன் தையற்காரரிடம் தைத்துக்கொண்டார். அவருடைய பதவியைச் சொன்னது அந்தக் கோட்டின் தோள்பட்டை. அரசரின் நியமன ஆணை பெற்றவருக்கே அங்கே நட்சத்திரமும் கிரீடமும்.

1917இல் பெண்கள் துணைப்படை உருவானது. 57,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் பணியாற்றினார்கள். சமைத்தார்கள், கணக்கு எழுதினார்கள், வண்டி ஓட்டினார்கள். 1918 மே மாதம் பிரான்ஸின் அபெவில்லில் விழுந்த குண்டுக்கு ஒன்பது பேர் பலியானார்கள். ஆனால் படையை நடத்திய பெண்களை ‘அதிகாரி’ என்று அழைக்கவில்லை, ‘நிர்வாகி’ என்றார்கள். நட்சத்திரத்துக்கும் கிரீடத்துக்கும் பதிலாக அவர்களின் தோளில் ரோஜாவும் லில்லியும் ஏறின.

பெண்ணின் உழைப்பையும் உயிரையும் ராணுவம் தயங்காமல் வாங்கிக்கொண்டது. உத்தரவிடும் உரிமை என்று வந்தபோதுதான் பூக்களை நீட்டியது. 1921இல் அந்தப் படையையே கலைத்துவிட்டார்கள். பெண்கள் படைக்கு முழு ராணுவத் தகுதி கிடைக்க 1941 ஆயிற்று. அதற்கும் இன்னொரு உலகப்போர் தேவைப்பட்டது.