தகப்பனின் கைப்பொருள்

எங்கள் பாலசமுத்திரத்தில் ஒருவனுடைய வசதியை அவன் தென்னந்தோப்பைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஜீவனாம்ச வழக்கில் கூண்டேறினாலோ அவன் பரம ஏழை. தோப்பு தம்பியுடையது, மாடு மாமனாருடையது!

போதிய வசதியிருந்தும் குழந்தையைப் புறக்கணிக்கும் தகப்பன் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்றது, 1898-ஆம் வருஷத்துக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 488-வது பிரிவு. உச்சவரம்பு 50 ரூபாய். 1923-இல் அது 100 ஆயிற்று, 1955-இல் 500. ஜமீன் வீட்டுப் பிள்ளையானாலும் மாஜிஸ்திரேட்டிடம் அவ்வளவுதான். 2001-இல்தான் வரம்பு ஒழிந்தது.

வசதி என்பது எது? திடகாத்திரமானவன் வேலையில்லை என்று கையை விரித்தால் கோர்ட்டு ஒப்புவதில்லை. உழைக்கக்கூடிய உடம்பையே வசதியாகக் கணக்கிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த நியாயம் இது. 2020-இல் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, இரு தரப்பாரும் வருமானம், சொத்து, கடன் யாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்றது. இனித் தம்பி தோப்பென்று சொல்பவர், கையெழுத்திட்டல்லவா சொல்லவேண்டும்!