உப்புக்காற்றும் கண்ணாடி வில்லையும்

புத்தளத்திலிருந்து இலவங்குளம் வழியாக மன்னாருக்குப் போகும் பழைய பாதையில் கரைத்தீவை அடைந்து, மேற்கே களப்பின் பக்கம் இறங்கி, உச்சிவேளையில் ஒருவன் கமராவைக் கண்ணுக்கு நேரே உயர்த்துவானாயின், மணலும் நீரும் வானமும் ஒன்றுக்கொன்று வெளிச்சத்தைக் கொடுத்து வாங்கும் அந்த இடத்தில், தான் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய அகலத் துவார வில்லையைச் சிறு துளையாகச் சுருக்கினாலன்றிப் படம் வெளுத்துப்போகும் என்பதைக் கணத்தில் உணர்ந்துகொள்வான். பொழுதுபோக்காகப் படம் பிடிப்போர் இருவர் சந்தித்தால் அவர்களுக்குள் முதலில் எழும் வினா, கையிலுள்ள பணத்தைக் கமராவின் உடலுக்குச் செலவிடுவதா, வில்லைக்குச் செலவிடுவதா என்பதே. அந்த வினாவுக்கு இலங்கையின் இந்த மேற்குக் கரை காலத்துக்குக் காலம் என்ன விடை அளித்துவந்தது என்பதை எழுதிப் பார்க்க வேண்டுமென்று எனக்கு நெடுநாளாக ஆசை. விபுலாநந்த அடிகள் பிறந்த கிழக்குக் கரைக் காரைதீவு வேறு. நான் சொல்லும் கரைத்தீவு, கலா ஓயாவுக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டின் வாசலில் இருப்பது.

1851இல் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறையே இலங்கைக்கு வந்த ஆதிப் படக்காரர்கள் பலரின் கைமுதல். கண்ணாடித் தகட்டில் பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் கமராவுக்குள் வைத்துப் படமெடுத்து, அதே ஈரத்தோடு துலக்கியும் முடித்துவிட வேண்டும். குளிர்நாட்டில் பத்து நிமிஷம் கிடைக்கும் அவகாசம் இந்தக் காற்றில் இன்னும் சுருங்கிப்போகும். போதாக்குறைக்கு, உவர்க்கிணற்று நீரிலுள்ள உப்பு வெள்ளி நைத்திரேற்றைத் தொட்டவுடன் பால்போல் திரிந்து வெண்பொடியாகி அடியில் படிந்துவிடும். ஆதலின் இத்தகைய கரைக்கு வருகிறவன் வில்லையைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, மழைநீரையும் சாடிகளில் சுமந்து வரவேண்டும். 1863இல், தம் நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவைக் கொண்டு இக்கலையைத் தொடங்கிய ஜூலியா மார்கரெட் கமரன், முதலில் பிரான்ஸ் தேசத்து ஜாமின் வில்லையையும், 1866 முதல் முப்பது அங்குலக் குவியத்தூரம் கொண்ட டால்மெயர் வில்லையையும் கையாண்டு, முகங்களைப் படமாக்குவதில் ஈடிணையற்றவர் என்று பெயர் பெற்றவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, களுத்துறைக் கடலோரத்தில் வாழ்ந்து, 1879இல் இந்நாட்டிலேயே உயிர்நீத்த அவர் இங்கு எடுத்தவற்றுள் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. நல்ல நீரும் நல்ல இரசாயனமும் கைக்கெட்டாத இடத்தில் மிகச் சிறந்த வில்லையும் வெறும் கண்ணாடிதான் என்று நான் எண்ணுவதற்கு அவருடைய கதையும் ஒரு காரணம்.

1871இல் மடொக்ஸ் என்னும் வைத்தியர் கண்ட ஜெலட்டின் உலர்தகடு பரவியபின், தண்ணீர்ச் சாடிகளின் சுமை குறைந்து, கமராவின் உடலைப் பற்றிய கவலை தொடங்கிற்று. உஷ்ணதேசங்களில் வாழும் வெள்ளைக்காரர்களுக்கென்றே இங்கிலாந்தின் கமரா செய்வோர் தனி மாதிரிகளை ஆக்கி விற்றனர். தச்சுவேலையில் தேர்ந்த பிரெடரிக் சாண்டர்சன் 1895இல் உரிமை பெற்ற கமராவுக்கும் அத்தகைய உஷ்ணதேச மாதிரி ஒன்று இருந்தது. மகோகனிப் பலகை கோணிவிடும் என்பதால் தேக்கு. பசை இளகிப் பொருத்துகள் பிரிந்துவிடும் என்பதால் மூலைதோறும் பித்தளைப் பட்டமும் திருகாணியும். பூச்சி அரிக்கும் என்பதால் துருத்திக்கு வாசனை கொண்ட ருஷ்யத் தோல். இன்று பழம்பொருட் பிரியர்கள் அழகுக்காக வாங்கிக் கண்ணாடி அலுமாரியில் வைக்கும் அந்தப் பொன்னிறத் தேக்குப் பெட்டிகளில், அலங்காரத்துக்கென்று பூட்டிய பித்தளை ஒன்றேனும் இல்லை. ஒவ்வொரு திருகாணியும் ஈரக்காற்றுக்குச் சொன்ன மறுமொழி. கமராவின் உடலே வில்லையைவிட முக்கியமாயிருந்த காலம் ஒன்று உண்டென்றால் அது அதுதான். அப்போதும் துலக்கும் வேலை எளிதாயில்லை: பகல்முழுதும் காய்ந்த கிணற்றுநீரில் தகட்டை இட்டால் ஜெலட்டின் இளகி ஊறிப் பெருத்துக் கண்ணாடியை விட்டு வழுகிவிடும் என்பதால், படிகாரத்தில் இட்டு இறுக்கியும், நீர் குளிரும் பின்னிரவு வரை காத்திருந்தும் துலக்கினார்கள்.

இதற்கிடையில் 1900இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கொடாக் நிறுவனம் ஒரு டொலர் விலைக்கு வெளியிட்ட பிரௌனி என்னும் அட்டைப்பெட்டிக் கமரா, இந்தக் கரையின் இயல்போடு எதிர்பாராத பொருத்தம் உடையதாய் அமைந்தது. அதன் ஒற்றை வில்லையின் துவாரம் மிகச் சிறிது. இலண்டனின் மார்கழி மூட்டத்தில் அதனால் எதையும் பதிய முடியாது. ஆனால் வடக்கே குதிரைமலைக்கு அப்பால் மறிச்சுக்கட்டியில், முத்துக்குளிப்புக் காலத்தில் மட்டும் எழுந்து பின் மணலோடு மணலாகிவிடும் அந்தத் தற்காலிகப் பட்டினத்தின் கரையில், அரபுக் குளியாளரும் தமிழ்க் குளியாளரும் சிப்பி மூட்டைகளோடு தோணிகளிலிருந்து இறங்கும் வேளையில், சூரியன் தானே அகலத் துவாரமாய் நின்று உதவினான். லெனார்ட் வுல்ப் என்னும் இளம் அதிகாரி 1906இல் அங்கே கடமையாற்றிப் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் அதை விவரித்தார். சிவில் உத்தியோகத்தரும் தோட்டத்துரைமாரும் கைக்கமராக்களைச் சாதாரணமாகச் சுமந்து திரியத் தொடங்கிய யுகம் அது. ஏழையின் வில்லைக்கும் செல்வனின் வில்லைக்கும் இடையிலுள்ள தூரத்தை இந்த வெயில் பெரிதும் குறைத்துவிடுகிறது என்பதை, கமரா வாங்க எண்ணும் இளைஞர் எவரைக் கண்டாலும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

உடலும் வில்லையும் வெவ்வேறு என்ற எண்ணம் சாமானியரின் கைக்கமராவில் நிலைபெற்றது லைக்காவினால். ஒஸ்கர் பார்னாக் என்பவரின் யோசனையில் பிறந்து, சினிமாப் பிலிமையே சுருளாகக் கொண்டு, வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் நிறுவனத்தால் 1925இல் லைப்சிக் சந்தையில் வெளியிடப்பட்ட அச்சிறு யந்திரம், 1930இல் வில்லையைக் கழற்றி மாற்றும் திருகுவாயையும், 1932இல் தூரமானியையும் பெற்றது. முப்பத்தொன்பது மில்லிமீற்றர் விட்டமுள்ள அந்தத் திருகுவாய், வில்லைக்குக் கமராவைவிட நீண்ட ஆயுளை வழங்கிற்று. இலங்கையில் அந்த யந்திரத்தைக் கையில் எடுத்தவர்களுள் தலைசிறந்தவர் லயனல் வெண்ட். 1900இல் கொழும்பில் பிறந்து, சட்டம் பயின்று, அதைவிடப் பியானோவிலே மனத்தைப் பறிகொடுத்து, 1930களில் படக்கலையில் முற்றாக மூழ்கியவர். 1934இல் பஸில் ரைட் இயக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தில் பின்னணிக் குரல் கொடுத்தவர். 1938இல் இலண்டனில் தனிக்காட்சி கண்டவர். கடற்றொழிலாளரின் முதுகில் வெயில் விழும் விதத்தை அவர் பதித்ததுபோல் வேறெவரும் பதித்ததில்லை என்பது என் துணிபு. 1944இல் அவர் மறைந்தபின் அவருடைய மூலச் சுருள்கள் அழிக்கப்பட்டுவிட்டன; அவர் கைப்பட அச்சிட்ட படங்களும், 1950இல் நண்பர்கள் வெளியிட்ட நூலுமே நமக்கு எஞ்சின. அவருடைய லைக்காவைப் போன்ற லைக்காவை இன்றும் பணம் கொடுத்து வாங்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் அந்தச் சுருள்களின் நினைவு வந்து மனம் நோகிறது.

அக்காலத்து வில்லைகளுக்கு இந்தக் கரையில் இரு பகைகள் இருந்தன. ஒன்று, எதிரொளி. மேற்பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்கைத் திருப்பியடிக்கும். காற்றைத் தொடும் முகங்கள் ஆறு உள்ள ஒரு வில்லையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஒளி வழிதவறி, அதில் ஒரு பகுதி பெட்டிக்குள்ளே அலைந்து கருமையைச் சாம்பலாக்கும். 1935இல் சைஸ் நிறுவனத்தின் ஸ்மாகுலா மேற்பூச்சைக் கண்டுபிடித்து, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது பரவும் வரையில், கண்ணாடித் துண்டுகள் குறைந்த எளிய வில்லையையும், அதன் நெற்றிக்கு ஒரு மறைப்புக் குழலையும் தேர்ந்தவர்களே இத்தகைய கரைகளில் தெளிந்த படம் கண்டார்கள். மற்றது, பங்கசு. உப்பீரம் தங்கிய பையில் ஒரு மாரிகாலம் உறங்கிய வில்லையை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், உள்ளே சிலந்திவலை போல் வெண்ணிழைகள் ஓடியிருக்கும். பூச்சைத் தின்று கண்ணாடியையே பொறித்துவிட்ட பங்கசுக்குப் பரிகாரம் இல்லை. சிலிக்கா ஜெல் கிடைக்குமுன் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து தகரப் பெட்டிக்குள் கமராவோடு வைக்கும் உபாயம் இருந்தது. நான் அந்த உபாயத்தை அறிந்தும் சோம்பி, கருநிறத் தோலுறையே போதும் என்று நம்பி, என் முதல் ஐம்பது மில்லிமீற்றர் வில்லையை இவ்வாறு இழந்தேன். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வில்லையை வெறுமனே காற்றோட்டமுள்ள தட்டில் வைத்திருந்தால்கூடப் பிழைத்திருக்கும்.

பாக்கு நீரிணைக்கு அப்பால், உடலையும் வில்லையையும் பற்றிய இந்த வினாவுக்குத் தம் கைகளாலேயே விடை செய்தவர் ஒருவர் இருந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912இல் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 1950 முதல் 1996இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கையைப் பற்றிய பத்தி எழுதிவந்தவர். யானையையும் காட்டெருமையையும் கறுப்பு வெள்ளையில் மாத்திரமே படமெடுத்தவர். காட்டு விலங்குக்கு வேண்டிய நெடுந்தூர வில்லையும் பெரிய பிலிமும் ஒருங்கே அமைந்த கமரா அவர் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கவில்லை. ஆதலின் ஒரு நிறுவனத்தின் உடலையும், மற்றொரு நிறுவனத்தின் தொலைவில்லையையும், தாமே இழைத்த துணுக்குகளாலும் நெம்புகோல்களாலும் பூட்டி, ஒரு பாரமான விசித்திர யந்திரத்தைச் சமைத்து, அதற்குச் சூப்பர் பொண்டெரோசா என்று பெயரும் இட்டார். கண்டவர் வியந்த அந்தக் கருவியைத் தோளில் தாங்கி அவர் காட்டில் நடந்ததை நினைக்கையில், தன் தேவை இன்னதென்று தெளிவாக அறிந்தவனுக்குக் கடைக்காரரின் பட்டியல் ஒரு தொடக்கம் மாத்திரமே என்பது எனக்குப் பிரத்தியட்சமாகிறது. தமிழன் ஒருவன் வில்லை தேர்ந்த கதைகளுள் இதனினும் கம்பீரமானது எனக்குத் தெரியாது.

கரைத்தீவுக்கு வடக்கேயுள்ள வில்பத்து 1938இல் தேசிய வனமானது. மழைநீர் தேங்கி வட்டவட்டமாய் விரிந்து கிடக்கும் ஏரிகளை அங்கே வில்லு என்கிறார்கள். காலைக் கதிரில் அந்த வட்டங்கள் ஒளிரும்போது, கண்ணாடி வில்லைக்கும் அவற்றுக்கும் பெயர்ப் பொருத்தம் மாத்திரமன்றி உருவப் பொருத்தமும் உண்டென்று தோன்றும். கலா ஓயாவுக்கு இந்தப் பக்கம் பரந்த கரையும் தோணியும் உப்புவாய்க்காலும். ஐம்பது மில்லிமீற்றரே போதும். அந்தப் பக்கம் வில்லுக்கரையில் படுத்திருக்கும் சிறுத்தைக்கு முந்நூறும் போதாது. 1963இல் ஸ்டூடியோ டைம்ஸ் நிலையத்தைத் தொடங்கிய நிஹால் பெர்னாண்டோ, இலங்கைக் காடுகளைப் பல்லாண்டு படமெடுத்து 1986இல் ஒரு பெருநூலாக்கினார். பொறுமையே அவருடைய நீளமான வில்லை என்று அந்நூலைப் புரட்டுகையில் எனக்குத் தோன்றும்.

1960களின் தொடக்கம் முதல் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுகிற்று. இருக்கும் உடலைப் பழுதுபார்த்தும், இருக்கும் வில்லையைக் காத்தும் வாழ்ந்த காலம் அது. படக்காரர்களுக்குச் சிக்கனத்தையும் கருவியின் அந்தரங்கத்தையும் அது கற்பித்தது என்றாலும், அந்தக் கல்விக்காக அதைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. 1977இல் இறக்குமதிக்குக் கதவு திறந்தபின், சவூதிக்கும் குவைத்துக்கும் உழைக்கப் போனவர்கள் பெட்டிக்குள் யாஷிகாவோ கெனனோ கொண்டுவந்தார்கள். கல்யாணவீட்டில் அதைக் கழுத்தில் மாட்டி நிற்பது ஒரு கௌரவமாயிற்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுள் பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் வந்து தங்கினர். உடுத்த துணியோடு வந்த அவர்களுள் பலர் வீட்டு ஆல்பங்களையும் விட்டே வந்தனர். கமராவை மறுபடி வாங்கிக்கொண்டார்கள்.

வில்லையின் வாய்க்கும் உடலின் வாய்க்கும் உள்ள உறவை நிறுவனங்கள் எப்போதும் மதித்ததில்லை. நிக்கோன் 1959இல் அமைத்த வாயைப் பல பத்தாண்டு காத்தது. கெனன் 1987இல் தன் பழைய வாயைக் கைவிட்டுப் புதியது அமைக்க, அதுவரை வாங்கியவர்களின் வில்லைகள் ஒரே நாளில் அநாதையாயின. ஆனால் உள்ளே கண்ணாடி மடல் இல்லாத இக்காலக் கமராவில், வில்லைக்கும் பதியும் தகட்டுக்கும் இடைவெளி அந்த மடல் கொண்ட பழைய கமராவில் இருந்ததில் பாதிக்கும் குறைவு. அந்த இடைவெளியில் ஒரு வளையத்தைப் பொருத்தினால் எந்தக் காலத்து வில்லையும் குடியேறிவிடும். கிருஷ்ணன் நெம்புகோல்களோடு போராடிச் செய்ததை, இன்று ஒரு பையன் சிறு வளையத்தால் செய்கிறான்.

சென்ற மாரிக்குப் பின் அப்படி ஒரு பையனைக் கரைத்தீவுக் கரையில் கண்டேன். புதிய சிறிய உடல். அதன் முன்னே, பாட்டனார் வாங்கி வைத்ததென்று அவன் சொன்ன, விளிம்பில் கறுப்பு உதிர்ந்து பித்தளை தெரியும் நூற்றுமுப்பத்தைந்து மில்லிமீற்றர் வில்லை. வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஓர் இழைகூட இல்லை. “எப்படித் தம்பி வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டேன். “வாப்பும்மா அரிசித் தகரத்துக்குள்ள போட்டு வெச்சிருந்தாங்க, சேர்” என்றான். பிறகு வற்றிய சேற்றில் இரை பொறுக்கும் உள்ளான்களை நோக்கிக் குனிந்து உட்கார்ந்து, வளையத்தை மெல்லத் திருகத் தொடங்கினான்.