ஓர் உயில் கடந்த தூரம்

கும்பகோணத்தில் என் பெரியம்மா எழுதிய உயில், முதலில் ஒரு கோடு போட்ட நோட்டின் நடுத்தாளாக இருந்தது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அந்தத் தாளின் இடது பக்கம் தன்னிடம் இருப்பவற்றையும், வலது பக்கம் அவை யாருக்கு என்பதையும் எழுதினார். தன் சம்பளத்தில் வாங்கிய ஓட்டு வீடும் வங்கி வைப்புத்தொகையும், தன்னைப் பார்த்துக்கொண்ட தங்கை மகளுக்கு, அதாவது என் அக்காவுக்கு. கடைசி வரியில் குத்துவிளக்கு கொழுந்தனார் மகளுக்கு என்று எழுதி, “அது அவர்கள் வீட்டுப் பொருள்” என்று சேர்த்திருந்தார்.

“இப்ப என்ன அவசரம் பெரியம்மா?” என்று கேட்டேன்.

“படுக்கையில விழுந்தப்புறம் எழுதினா, யாரோ எழுதி வாங்கிட்டாங்கன்னு பேச்சு வரும்டா. நல்லா இருக்கறப்பவே எழுதிடணும்.”

அவர் நிலையில் உள்ள பெண்ணுக்கு அந்தத் தாள் எவ்வளவு அவசியம் என்பது பலருக்குத் தெரியாது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவரும் பிள்ளைகளும் இல்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்துகூட முதலில் கணவரின் வாரிசுகளுக்கே போகிறது. 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், கணவர் இறந்ததும் புகுந்த வீட்டார் வெளியேற்றிய பெண், பிறந்த வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் கணவருடைய சகோதரியின் மகன்களுக்குப் போயிற்று. அவர் உயில் எழுதியிருக்கவில்லை. இரக்கத்தை மட்டும் வைத்து உரிமையைத் தீர்மானிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

நோட்டுத் தாள் அடுத்துப் போன இடம் ஆவண எழுத்தரின் மேசை. “அந்தப் பொண்ணுக்குத்தானே, செட்டில்மென்ட்டாவே எழுதிக் கொடுத்துடலாமே” என்று உறவினர் ஒருவர் சொன்னார். எழுத்தர் தடுத்தார். செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால் உரிமை அப்போதே கைமாறிவிடும். பிறகு மனம் மாறினாலும் திரும்பப் பெறுவது கடினம். உயிலோ, எழுதியவர் இறந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். கடைசியாக எழுதியதே செல்லும். “என் ஆயுட்காலம் வரை நானே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டனுபவித்து” என்று அவர் தட்டச்சு செய்த வாசகத்தைப் பெரியம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். தங்கை மகள் என்று மட்டும் இருந்த இடத்தில் அக்காவின் முழுப்பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி ஏறின. வீட்டுக்கு சர்வே எண்ணும் நான்கெல்லையும் தாய்ப்பத்திரத்தைப் பார்த்துச் சேர்க்கப்பட்டன.

அடுத்தது சாட்சிகள். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் குறைந்தது இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. எழுதியவர் கையெழுத்திட்டதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்து என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். பெரியம்மா தன்னைவிட வயதில் மிகவும் இளைய இருவரைத் தேர்ந்தெடுத்தார்: வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், கூட வேலை பார்த்த ஓர் ஆசிரியை. உயிலைப் பற்றி வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றம் வந்து சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். சொத்து பெறப்போகும் அக்காவை அவர் சாட்சிப் பக்கமே வரவிடவில்லை.

பிறகு சார்பதிவாளர் அலுவலகம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் அதிகாரி முன் அவரே நின்று, இது என் உயில் என்று ஒப்புக்கொண்டு, புகைப்படமும் கைரேகையும் கொடுத்தது பிற்காலத்துக்குப் பலம். உயில்கள் பதிவாவது மூன்றாம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர யாருக்கும் அதன் நகல் கிடைக்காது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் தெரியாது. யாருக்கு எழுதினார் என்று முகம் பார்த்துப் பழகும் நிலை அவருடைய வீட்டில் வரவில்லை.

அதன் பிறகு ரெக்ஸின் பைக்குள் தாய்ப்பத்திரத்தோடு அந்த உயில் பீரோவின் கீழ்த்தட்டில் பல ஆண்டுகள் இருந்தது. நடுவில் ஒருமுறை, வைப்புத்தொகையில் ஒரு பங்கை ஊர்ப் பள்ளிக்குக் கொடுக்கப் பெரியம்மா விரும்பினார். பேனாவால் ஓரத்தில் எழுதிவிடலாமா என்று கேட்டபோது எழுத்தர் கூடாது என்றார். சாட்சிகளின் கையெழுத்தில்லாத அடித்தல் திருத்தல் செல்லாது. புதிதாகவே ஓர் உயில் எழுதி, முந்தையது ரத்து என்று அதில் குறிப்பிட்டார்கள். பை இருக்கும் இடத்தை அக்காவிடமும் கொழுந்தனார் மகனிடமும் சேர்த்தே சொல்லி வைத்தார்.

பெரியம்மா மறைந்து காரியங்கள் முடிந்த பின், இரு குடும்பத்தாரும் உட்கார்ந்திருக்க, டாக்டர்தான் உயிலைப் படித்தார். குத்துவிளக்கு வரி வந்ததும் கொழுந்தனார் மகள் அழுதுவிட்டாள். உயிலும் இறப்புச் சான்றிதழும் தாலுகா அலுவலகம் போயின. விசாரணையில் கொழுந்தனார் மகன் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பட்டா அக்கா பெயருக்கு மாறியது. பண்டிகைக்கு இரு வீடும் இன்றும் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்கிறது. அந்த உயில் காப்பாற்றிக் கொடுத்த பெரிய சொத்து அதுதான் என்பேன்.

உயில் எழுதினால் சாவை அழைப்பதாகும் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். பெரிய சொத்து வேண்டியதில்லை. ஒரு வீடு, ஒரு நகை, ஒரு வங்கிக் கணக்கு இருந்தாலே போதும். வங்கியில் நாமினி போட்டிருக்கிறேன் என்று நின்றுவிடாதீர்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிட மாட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளை எடுத்து, என்ன இருக்கிறது, யாருக்கு என்று எழுதுங்கள். உங்களைவிட இளைய இரண்டு சாட்சிகளைத் தேடுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதை நம்பிக்கையான இருவரிடமாவது சொல்லுங்கள்.