ஆர்டுயினோ தரவுப் பதிவு
இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005இல் உருவான ஆர்டுயினோ பலகையில் சென்சார் தரும் அளவுகளை, யுஎஸ்பி கேபிள் வழியே கணினியில் சேமிக்கும் முறை. ஆர்டுயினோ வகைகளில் ஒன்றான ஊனோ பலகையின் ராம் 2 கிலோபைட்தான். எனவே அளவுகளை உடனுக்குடன் அனுப்பிவிடுவதே நல்லது. அதன் 10 பிட் மாற்றி, 0 முதல் 5 வோல்ட் வரையான மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையான எண்ணாக்கும். இந்த எண்ணைக் கணினிக்கு அனுப்பும்போது, ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு பிட்டுகள் உட்பட 10 பிட் செலவாகும். 9600 பாட் வேகத்தில் வினாடிக்கு 960 எழுத்துகளே போகும். ‘512’ என்ற எண், வரிமுடிவுக் குறிகள் இரண்டோடு ஐந்து எழுத்து. ஆக, வினாடிக்கு 192 அளவுகள். பலகையிலும் கணினியிலும் வேகம் பொருந்தாவிட்டால் திரையில் வருவது குப்பைதான். ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் மானிட்டர் அளவுகளைக் காட்டும், கோப்பில் எழுதாது. அதற்குப் பைத்தானின் பைசீரியல் நூலகமோ புட்டி மென்பொருளோ உதவும். போர்ட்டைத் திறந்ததும் ஊனோ ரீசெட் ஆகும். ஓரிரு வினாடி பொறுத்துப் பதியத் தொடங்குங்கள்.