காலால் படிக்கும் வரலாறு

வரலாற்றை ஏட்டில் படிப்பது ஒரு வகை. காலால் நடந்து படிப்பது மற்றொரு வகை. கடற்கரை நகரங்களை அறிய இரண்டாம் வகையே சிறந்தது. ஜார்ஜ் டவுன் நகரைத் தனியே சுற்றிவர ஒரு பகல் போதும். கூட்டமாகச் செல்பவன் கடைகளைப் பார்ப்பான். தனித்துச் செல்பவனே சுவர்களைப் பார்ப்பான். சுவர்கள் கூறும் செய்திகளுள் பல, நம் மாணவர்களின் பாடநூல்களில் இடம்பெறாதவை.

காலைப் பயணத்தைத் துறைமுகத்தில் தொடங்குவதே முறை. நம் முன்னோருள் மிகப் பலர் இந்நாட்டில் முதலடி வைத்த மண் இதுவே. 1904-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறையில் இன்று உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. ஒரு காலத்தில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் 'ரஜுலா' கப்பல் இவ்வூருக்கு வந்தது, பின்னர் 'எம். வி. சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்துடன் சிதம்பரம் கப்பலின் பயணிகள் போக்குவரத்து முடிவுற்றது. கப்பலில் வந்த தோட்டத் தொழிலாளர் பலர், நகருக்குள் நுழையுமுன் ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்டனர். ஊரைக் கண்ணால் கண்டும் கால் வைக்க இயலாது காத்திருந்த அந்நாள்களை எண்ணிப் பார்ப்பவருக்கு, எதிரே தோன்றும் தீவு வெறும் பச்சைக் குன்றாகத் தோன்றாது.

துறைமுகத்தை அடுத்து நிற்பது கார்ன்வாலிஸ் கோட்டை. 1786 ஜூலையில் பிரான்சிஸ் லைட் இங்கு இறங்கினார். ஆகஸ்டு 11-ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் தீவைக் கைக்கொண்டார். காட்டை அழிக்கக் கூலியாட்கள் ஊக்கம் கொள்ளட்டும் என்று பீரங்கியில் வெள்ளிக் காசுகளை இட்டுக் காட்டினுள் சுட்டார் என்றொரு கதை வழங்குகிறது. காசை எறிந்தவர் பெயர் நகரெங்கும் நிலைத்துவிட்டது. காட்டை வெட்டிய கைகளுக்கு உரியவர் யார்? முதலில் நிபோங் மரக் கழிகளால் அமைந்த இக்கோட்டை, பின்னர் இந்தியக் கைதிகளின் உழைப்பால் கல்லும் செங்கல்லுமாக உயர்ந்தது. 1790 முதல் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகளே இந்நகரின் சாலைகளையும் பாலங்களையும் அமைப்பதில் பாடுபட்டனர். அவர்களுக்குச் சிலையுமில்லை, தெருப் பெயருமில்லை.

கோட்டையிலிருந்து சற்றே நடந்தால் முன்னாள் பிட் தெருவை அடையலாம். இன்று அது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலை எனப்படுகிறது. அதன் தலைப்பில் 1818-இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயம். அதனை அடுத்துச் சீனரின் குவான் யின் கோயில். அப்பால், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் 1801-இல் தோற்றுவித்த பள்ளிவாசல். இவற்றுக்கு அருகே குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் ஆலயம். சில நூறு அடிகளுக்குள் நான்கு சமயங்கள் ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கின்றன. துருக்கியின் இஸ்மீர் நகரும் ஒரு காலத்தில் கிரேக்கரும் ஆர்மீனியரும் யூதரும் துருக்கியரும் கூடி வாழ்ந்த துறைமுகமே. 1922 செப்டம்பரில் அந்நகரின் பெரும் பகுதி தீக்கிரையாயிற்று. அக்கூட்டு வாழ்வும் சிதைந்தது. பல இனத்தார் அடுத்தடுத்து வாழ்தல் தானே நிலைத்திருக்கும் பேறன்று. பேணிக் காக்கப்பட வேண்டிய செல்வம் என்பதை இவ்வொப்பீடு உணர்த்தும்.

நண்பகலில் சூலியா தெருவும் மார்க்கெட் தெருவும் நம்மை அழைக்கும். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகரும் உழைப்பாளரும் சூலியர் எனப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ ஆயிரம் பேர் இங்குக் குடியமர்ந்திருந்ததையும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து பொருளீட்டித் திரும்பியதையும் 1794-இலேயே லைட் குறித்துள்ளார். ஆகவே, தமிழர் இந்நகருக்குப் பிந்தி வந்த விருந்தினர் அல்லர். நகர் தோன்றும்போதே உடனிருந்தவர். மார்க்கெட் தெருவைக் 'கடைத்தெரு' என்றே நம்மவர் அழைத்தனர். பினாங்குத் தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரு கூடத்தில் பல பெட்டிகளை வரிசையாக வைத்து, பெட்டிக்கு ஒரு கணக்கராக அமர்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய இடமே கிட்டங்கி. தைப்பூசத்திற்கு முன்னாள், இத்தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளித்தேர், தண்ணீர்மலைச் சாலைக் கோவிலை நோக்கிச் செல்லும்.

பிற்பகலில் ஆசிரியர்கள் தவறாது காண வேண்டிய இடம் ஃபார்குவார் தெரு. 1816 அக்டோபர் 21-ஆம் நாள் பாதிரியார் ஹட்சிங்ஸ் முயற்சியால் பினாங்கு ஃப்ரீ பள்ளி தொடங்கியது. அப்பள்ளி பின்னாளில் இயங்கிய கட்டடத்தின் ஒரு பகுதி இத்தெருவில் நிற்கிறது. அப்பள்ளியில் தமிழும் கற்பிக்கப்பட்டதால், இந்நாட்டில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக அவ்வாண்டையே கொள்கின்றனர். 2016-இல் இருநூற்றாண்டு விழாவும் கொண்டாடினோம். தோட்டப் பள்ளிகளுக்கு முன்பே நகரத்தில் தமிழ் வகுப்பு இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிவார்களா?

பொழுது சாயும் வேளையில் நடப்பவன் கண்ணுக்குப் புலப்படுவது மற்றொன்று. அழகிய வண்ணம் தீட்டிய வீடுகள் பலவற்றில் குடும்பங்கள் இல்லை. வாடகைக் கட்டுப்பாடு நீங்கிய 2000-ஆம் ஆண்டிற்குப் பின் பழைய குடியினர் பலர் நகரின் நடுப்பகுதியை விட்டு வெளியேறினர். 2008 ஜூலையில் மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனும் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. கட்டடங்கள் பிழைத்தன, ஆனால் கட்டடத்தைக் காக்கும் சட்டம் அதனுள் வழங்கிய பெயர்களைக் காக்காது. 'கடைத்தெரு' என்று சொல்லும் முதியவர் மறைந்தால் அச்சொல்லும் மறையும்.

ஆதலின், ஆசிரியர்களே, பெற்றோர்களே! விடுமுறையில் ஒரு நாளேனும் பிள்ளைகளை இத்தெருக்களில் நடத்திச் செல்லுங்கள். முதியோரிடம் தெருக்களின் தமிழ்ப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். லைட்டின் பெயரைத் தேர்வுக்காக அவர்கள் மனனம் செய்யட்டும்; கோட்டையின் செங்கல்லைத் தொடும்போதாவது, அதைச் சுமந்தவனையும் நினைக்கட்டும்.